நாற்காலி ஏறாத நகரபிதா

ஒரு நகரத்திற்குத் தலைவர் யார் என்று கேட்டால், மேயர் என்று பள்ளிப் பிள்ளையும் விடை பகரும். கழுத்திலே பதவிச் சங்கிலி, முன்னே செங்கோல், பின்னே சேவகர், இவையே மேயருக்கு இலக்கணம் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் சிங்கப்பூரின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 1819 முதல் வளர்ந்து வரும் அப்பட்டினத்திலே, நகர சபையின் தலைவராக மேயர் என்னும் பெயரோடு வீற்றிருந்தவர் ஒரே ஒருவர்தாம். அவர் அந்நாற்காலியில் இருந்த காலமும் ஒன்றரை ஆண்டை எட்டவில்லை. அதே பட்டினத்திலே, சிராங்கூன் சாலையில் கடை வைத்துப் பிழைத்த தமிழர் ஒருவர், 93 வயது வரை வாழ்ந்து, எந்த நாற்காலியிலும் ஏறாமலே ஊருக்குத் தந்தையென நின்றார். அவர்தாம் பி.ஜி.பி. என்று சிறுவர் முதல் முதியோர் வரை அறிந்திருந்த காலஞ்சென்ற திருவாளர் பி. கோவிந்தசாமிப் பிள்ளை அவர்கள்.

இக்கட்டுரையை எழுதும் யான் ஜொகூரிலே ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் பள்ளியிலே சரித்திரம் கற்றவன். துறைமுகம் திறந்தவர் யார், ஆட்சி செலுத்தியவர் யார் என்பவற்றை அங்கே கற்றேன். அத்துறைமுகத்தில் இறங்கிய கூலியாளுக்கு அரிசி அளந்து கொடுத்தவர் யார் என்பதை எந்தப் பாட புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அக்குறையை என்னால் இயன்ற அளவு தீர்த்துக்கொள்ளவே இதனை எழுதலானேன்.

கோவிந்தசாமிப் பிள்ளை தமிழகத்திலே பிறந்த ஆண்டு 1887. அதே ஆண்டில் சிங்கப்பூரிலே முனிசிபல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நகரம் வேறு, நாட்டுப்புறம் வேறு எனப் பிரித்து, நகரத்திற்குத் தனி நிர்வாகத்தை வகுத்தது அச்சட்டம். ஆகவே இம்மனிதரும் அந்நகர நிர்வாகமும் ஒரே வயதினர் எனலாம். இவ்விரு வாழ்க்கைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பின், பதவி என்பது யாது, தொண்டு என்பது யாது என்று தெளிவாக விளங்கும்.

அக்கால முனிசிபல் கமிஷனர்கள் யாவர்? பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகளின் தலைவர்களும், அவர்களோடு பழகிய ஒரு சில ஆசியச் செல்வர்களுமே. வரி செலுத்துவோர் சிலருக்கு இருந்த வாக்குரிமையும் 1913-ம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோயிற்று. அதன்பின் கவர்னர் நியமித்தவர்களே கமிஷனர்கள். பிற்காலத்தில் இந்தியர் ஓரிருவரும் நியமனம் பெற்றனர் என்பது உண்மையே. ஆயினும் சபையில் பேசப்பட்ட மொழி ஆங்கிலம். அச்சபையின் கட்டளைப்படி தெருக்களைக் கூட்டியவரும், சாலைக்குக் கல் உடைத்தவரும், சாக்கடை தோண்டியவருமோ பெரும்பாலும் தமிழர். நகரத்தின் கைகளும் கால்களும் தமிழாக இருந்தன. வாய் மட்டும் தமிழாக இல்லை. இந்நிலையை மனத்தில் இருத்திக்கொண்டுதான் 1905-ம் ஆண்டுக்கு நாம் செல்ல வேண்டும்.

அவ்வாண்டில் 18 வயது வாலிபராகிய கோவிந்தசாமி, வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமலே கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கையிலே பொருளில்லை. நாட்டு மொழியாகிய மலாயும் தெரியாது. தோட்டத்திற்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் ஒப்பந்தத்தில் அவர் வரவில்லை. ஆதலின் வேலை தேடிக்கொள்ளும் பொறுப்பு அவருடையதே. அவர் போய்ச் சேர்ந்த இடம் சிராங்கூன் வட்டாரம்.

இன்று சிறிய இந்தியா என்று உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்டப்படும் அவ்வட்டாரம் அன்று வேறுவிதமாக இருந்தது. மாட்டுத் தொழுவங்கள், செங்கல் சூளைகள், பால்காரர் குடிசைகள், தாழ்ந்த சதுப்பு நிலங்கள், இவற்றிற்கிடையே கடைவரிசைகள். அங்கு ஓரிடத்திற்கு எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயர் வழங்கியதே அதற்குச் சான்று. தமிழர் நாவில் வழங்கும் தேக்கா என்பதோ சீனச் சொல்லின் திரிபு. அச்சாலையிலே 1855-ம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் 26 ரூபாய் 8 அணாவுக்கு நிலம் வாங்கி எழுப்பப்பெற்ற பெருமாள் கோயில் ஏற்கெனவே நின்றது. அக்கோயிலுக்கும் இவ்வாலிபருக்கும் பின்னாளில் நேர்ந்த தொடர்பைப் பின்னே காண்போம்.

வந்தவர் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கமர்ந்தார். அக்காலத்துக் கடைச் சிப்பந்தியின் வாழ்க்கை எத்தகையது என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோழி கூவுமுன் கதவுப் பலகைகளை எடுத்து அடுக்குதல், மூட்டை சுமத்தல், அளத்தல், கட்டுதல், இரவு கடை சாத்தியபின் சாக்கின்மீதே படுத்துறங்குதல். உண்ண உணவு கிடைக்கும். கூலி என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. இதனைச் சகித்துப் பலர் அப்படியே முதுமை எய்தினர். கோவிந்தசாமிப் பிள்ளையோ தொழிலின் நுட்பத்தைக் கற்றார். சில ஆண்டுகளில் செட்டியார் ஒருவரிடம் கடன் பெற்றுக் கடையைத் தம் சொந்தப் பொறுப்பிலே ஏற்றார்.

இங்கே சற்று நிற்போம். நிலமோ நகையோ இல்லாத ஒரு கடைச் சிப்பந்தியை ஆங்கிலேயரின் பாங்கிகள் வாசலிலும் ஏற்றமாட்டா. மார்க்கெட் தெருவிலே கிட்டங்கிகளில் பெட்டகத்தை முன்னே வைத்து அமர்ந்திருந்த செட்டியார்களே நம்மவருக்கு வங்கி. அவர்கள் வட்டி வாங்கினர். சில வேளை கடுமையாகவும் வாங்கினர். பர்மாவிலும் மலாயாவிலும் அதனால் நிலம் இழந்தோர் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அடகுப் பொருள் இல்லாத இடத்தில் அவர்கள் ஒன்றைப் பார்த்தனர். அதன் பெயர் நாணயம். காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழியிலே ஒரே சொல் வழங்குவது ஆராயத்தக்கது. நேர்மையைக் காட்டிக் காசு பெற்ற வாலிபர், பின்னர் அதே முறையில் மற்றவர்க்குக் காசு விட வேண்டியவரானார். மளிகைக் கடையின் ஜீவநாடி அதுதானே!

எவ்வாறெனில், கூலித் தொழிலாளிக்குச் சம்பளம் மாதம் ஒருமுறை. பசியோ நாள்தோறும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள 29 நாட்களை நிரப்புவது கடைக்காரரின் பற்று வரவுப் பேரேடு. அரிசி, பருப்பு, மிளகாய், புளி, கருவாடு, விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கடனாக வாங்கிச் சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பது வழக்கம். எழுத்தறியாத தொழிலாளி பேரேட்டைப் படிக்கமாட்டான். கடைக்காரர் ஒன்றை இரண்டாக எழுதினால் அவன் கேட்கும் வழி யாது? தோட்டங்களிலே இவ்வாறு எழுதியே மாளிகை கட்டிய கடைக்காரர்களை நாம் அறிவோம். சம்பளப் பட்டியல் எழுதும் எம்போன்றோர்க்கு இது நன்கு தெரியும். தொழிலாளி எம்மேசையில் வாங்கிய வெள்ளி, வாசற்படியிலே காத்திருக்கும் கடைக்காரரின் கைக்கு அப்படியே மாறுவதைப் பலமுறை நேரிலே கண்டிருக்கிறேன். ஆகவே ஒரு கடை பல்லாண்டு நிலைத்து, நாலாபுறமும் வளர்ந்து, தோட்டத்து ஜனங்களும் தீபாவளிக்குச் சேலை எடுக்க அதனையே தேடி வந்தனர் என்றால், அதற்கு விளம்பரம் மட்டும் காரணமாகாது. கடையின் படியும் முழமும் சரியாக இருந்தன என்ற நம்பிக்கையே காரணமாகும்.

பி.ஜி.பி. கடை அவ்வாறு வளர்ந்தது. மளிகையோடு ஜவுளி சேர்ந்தது. மாவு மில்லும், மசாலை அரைக்கும் மில்லும் பின்வந்தன. வீடுகளும் மனைகளும் சேர்ந்தன. அவ்வளர்ச்சி எக்காலத்திலே நிகழ்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 1930-ம் ஆண்டில் ரப்பர் விலை பாதாளத்தில் வீழ்ந்தபோது, தோட்டங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்றிருந்த நாட்கூலி, 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் வேலையின்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வாங்குவோர் கை வறண்டால் விற்போர் கையும் வறளும். அத்தகைய சோதனையையும் தாண்டி நின்ற கடைகள் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

1939-ம் ஆண்டில் அரசாங்கம் அவருக்குச் சமாதான நீதிபதி என்னும் ஜே.பி. பட்டத்தை வழங்கியது. இந்திய வர்த்தக சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள்ளும், இராமகிருஷ்ண மிஷனின் சிங்கப்பூர்க் கிளையை ஊன்றியவர்களுள்ளும் அவர் ஒருவர். அம்மிஷன் நாரிஸ் சாலையிலே விவேகானந்தர் பெயரால் ஆண்பிள்ளைகளுக்கும், சாரதாமணியார் பெயரால் பெண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது. கடைச் சிப்பந்தியின் மகளும் பால்காரரின் மகளும் எழுத்தறிந்தது இத்தகைய பள்ளிகளாலேதான்.

பின்னர் வந்தது யுத்தம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நகரத்தின் பெயரும் சியோனான் என மாறிற்று. வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் வந்தன. 1945-ல் அவை வெறுங் காகிதமாயின. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மீளவில்லை. அவர்கள் பெயரில் கடைகளின் பேரேட்டில் நின்ற பற்றுக்களை எழுதித் தள்ளுவதன்றி வேறென் செய்ய இயலும்? பேரேடும் முதலும் கரைந்த வியாபாரிகள் பலர் மீண்டும் தலைதூக்கவேயில்லை. கோவிந்தசாமிப் பிள்ளைக்கு அப்போது வயது 58. ஓய்வு கொள்ளும் வயதிலே அவர் மீண்டும் தொழிலை நிமிர்த்தலானார். யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் சிராங்கூன் சாலை என்றால் பி.ஜி.பி. என்று ஜனங்கள் சொல்லுமளவுக்கு அக்கடைகள் புகழெய்தின.

நிற்க. அவரோடு ஒரே ஆண்டில் வாழ்வு தொடங்கிய நகர நிர்வாகத்தின் கதை யாதாயிற்று? 1949-ம் ஆண்டில் முனிசிபல் தேர்தல் மீண்டும் வந்தது. 27 ஸ்தானங்களில் 18-க்கு வாக்கெடுப்பு. 1951 செப்டம்பர் 22-ல் அரசரின் சாசனத்தால் சிங்கப்பூர் மாநகரம் என்னும் அந்தஸ்தை அடைந்தது. 1957 டிசம்பர் 21-ல் 32 ஸ்தானங்களுக்கும் தேர்தல் நடந்தது. 13 ஸ்தானங்களை வென்ற மக்கள் செயல் கட்சியின் திரு. ஓங் எங் குவான் மேயரானார். அவர் முதற்கூட்டத்திலேயே, அடிமைக் காலத்துச் சின்னமென்று செங்கோலை அகற்றச் செய்தார். அஃது ஏழை ஜனங்களின் உள்ளத்தைக் கவர்ந்த செயல். ஆயின் பூசலும் விசாரணையும் மூண்டு, 1959 ஏப்ரலில் அவர் பதவி துறந்தார். அவ்வாண்டிலே சுயாட்சி பெற்ற அரசாங்கம் நகர சபையின் வேலைகளைத் தானே ஏற்றது. 1963-ல் சபையும் இல்லாதொழிந்தது. இன்று சிங்கப்பூரிலே சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைவர்களை மேயர் என அழைப்பது உண்டு. அவர்கள் நகர சபைக்குத் தலைமை தாங்குபவரல்லர்; அது வேறு பதவி.

தமிழர் மேயராகவே இருந்ததில்லையோ எனின், இருந்திருக்கின்றனர். பினாங்கின் ஜார்ஜ் டவுனிலே திரு. டி. எஸ். இராமநாதன் 1958-ல் மேயரானார். மலாயாத் தமிழர் அந்நாளிலே அடைந்த பெருமிதம் கொஞ்சமன்று. அந்நாட்டிலும் 1965-ல் உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. சென்னை மாநகரின் மேயராக 1933-ல் அமர்ந்தவர் செட்டிநாட்டு எம். ஏ. முத்தையா செட்டியார். அவர் பிறந்த ஆண்டும், கோவிந்தசாமி கடல் கடந்த ஆண்டும் ஒன்றே. ஒருவர் பிறப்பாலே செல்வர். மற்றவர் அச்செல்வரின் இனத்தார் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துத் தொழில் தொடங்கியவர். மேயர் பதவி இழிந்ததென்று யான் கூறவில்லை. ஏழைகளின் வாக்கினால் ஏறும் நாற்காலி, கவர்னரின் தயவினால் ஏறும் நாற்காலியினும் நூறு மடங்கு மேலானது. ஆனால் நாற்காலியைப் பிறர் அளிக்கலாம். பிறரே பறிக்கவும் செய்யலாம் என்பதை இச்சரித்திரம் நமக்கு நினைவூட்டுகிறது.

நகர சபை மறைந்த ஈராண்டில், 1965 ஜூனிலே, பெருமாள் கோயிலின் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் நாட்டின் தலைவராகிய திரு. யூசோப் பின் இஷாக். கட்டிக் கொடுத்தவர் கோவிந்தசாமிப் பிள்ளை. அக்கோயிலின் ஐந்து நிலைக் கோபுரம் எழவும் அவர் பெரும்பொருள் உதவினார். 1978-ல் அக்கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தைப்பூசக் காவடிகள் இன்றும் அங்கிருந்தே புறப்படுகின்றன.

இவ்விடத்திலே சீர்திருத்தத்தில் நாட்டமுள்ள நேயர்கள் முகஞ்சுளிப்பர் என்பதை யான் அறிவேன். “கூலியாளின் காசால் திரண்ட செல்வம் கோபுரத்திற்கா போக வேண்டும்? அப்பணத்தில் எத்தனை பள்ளிகள் எழுந்திருக்கும்!” என்று கேட்பர். இக்கேள்வி நியாயமானதே. யானும் அதைக் கேட்டவன்தான். கல்லுக்குக் கொடுத்ததை ஒரு பிள்ளையின் கல்விக்குக் கொடுத்திருந்தால் பயன் நூறு மடங்கு என்பதே இன்றும் என் எண்ணம். எனினும் நடுநிலையோடு நோக்குவோம். அம்மண்டபம் எத்தகையது? மூன்றறை வீட்டிலே வாழும் தொழிலாளி, தன் மகளின் திருமணத்தை நாலுபேர் அறிய நடத்த இடமின்றித் தவித்த காலத்திலே, தலைக்குமேல் ஒரு கூரையும் பந்திக்கு ஒரு தளமும் கொடுத்தது அது. கல்யாணம் மாத்திரமன்று, கூட்டமும் விழாவும் நடக்கும் பொதுவிடமாகவும் அது பயன்படுகிறது. நகர சபை செய்ய வேண்டிய காரியத்தை ஒரு கடைக்காரர் செய்தார் என்பதே அதன் பொருள். கோபுரத்தைப் பற்றி அவரோடு வாதாடுவோம். மண்டபத்தைப் பற்றி அவருக்கு நன்றி சொல்வோம். இரண்டும் ஒருங்கே செய்யத் தக்கவை.

இன்னொரு செய்தி. அவர் பெயரின் இறுதியில் நிற்பது ஒரு வகுப்புப் பட்டம். நம் இயக்கத்தார் களைய முயன்ற பட்டங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் ஜனங்கள் அவரை எவ்வாறு அழைத்தனர்? பி.ஜி.பி. என்று. அம்மூன்றெழுத்திலே கடைசி எழுத்து எந்தப் பட்டத்தைக் குறிக்கிறதென்று கடைக்கு வந்த ஒருவரும் யோசித்ததில்லை. சாதியைச் சொல்லும் நீண்ட சொல், சந்தையிலே ஓரெழுத்தாகக் குறுகி, பொருளிழந்து, கடைப் பெயராகிவிட்டது. கல்லாவுக்கு முன்னே வந்து நின்றவர் எவ்வகுப்பினராயினும் அவர் கொடுத்த வெள்ளி ஒன்றே. அவருக்கு அளந்த முழமும் ஒன்றே. மேடையிலே நாம் முழங்கிச் செய்ய முயன்றதைச் சந்தை சத்தமின்றிச் சிறிது செய்திருக்கிறது. முழுவதும் செய்துவிட்டது என்று மட்டும் ஏமாறலாகாது. திருமண விளம்பரங்களைப் படிப்போர் அதனை அறிவர்.

1980-ம் ஆண்டிலே தமது 93-ம் வயதில் அவர் காலமானார். தம்மோடு ஒரே ஆண்டில் வாழ்வு தொடங்கிய நகர நிர்வாகத்தினும் 17 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார். அவர் மறைவுக்குப் பின் காலம் மாறிற்று. பேரங்காடிகள் வந்தன, பழைய கடைவரிசைகள் 1989-ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாயின, பி.ஜி.பி. என்ற பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மண்டபத்தின்மீது மட்டும் அப்பெயர் நிற்கிறது.

சென்ற முறை சிங்கப்பூர் சென்றபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையிலே அச்சாலையில் நடந்தேன். தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருந்தனர். சிலர் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நின்றனர். சிலர் புல்தரையில் அமர்ந்து வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தனர். எங்கள் தோட்டத்தின் விடியற்காலைப் பெரட்டிலும் இன்று நம்மவர் குறைவு. யான் கூப்பிடும் பெயர்கள் பெரும்பாலும் வெளிதேசத்துப் பிள்ளைகளுடையவை. அவர்களிற் பலருக்கு 18, 20 வயது. ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன்பட்டு வந்தவர்கள். கணக்கிலே ஒரு வெள்ளி தவறாக எழுதினாலும் கேட்கத் தெரியாதவர்கள். 1905-ல் கப்பலிலிருந்து இறங்கிய வாலிபரை யான் நூலிலே தேட வேண்டியதில்லை. நாள்தோறும் என் மேசைக்கு முன் வந்து நிற்கிறார்.

ஆகவே, தோட்டத்திலும் பட்டினத்திலும் வாழும் தமிழ் மக்களே, மேயர் நாற்காலியும் மந்திரி நாற்காலியும் நம்மவருக்குக் கிடைக்க வேண்டுமென்று உழைப்போம். அது நம் உரிமை. அவை கிடைக்கும் வரையிலும், கிடைத்த பின்னரும், நம் கையிலுள்ள பேரேட்டில் ஒன்றை ஒன்றென்றே எழுதுவோம். நம் வாசலில் வந்து நிற்கும் அயலூர்ப் பிள்ளையை, ஒரு காலத்திலே அயலூர்ப் பிள்ளையாய் வந்து நின்ற நம் பாட்டனாக எண்ணுவோம். சிராங்கூன் சாலைக் கடைக்காரருக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.